இருவர் தூக்கும் சூட்டுப்பெட்டி

எங்கள் வீட்டில் சமையல் கணவருடையது. அறுப்பதும் ஆணி அடிப்பதும் என்னுடையது. விடுமுறை நாளில் நாங்கள் வீட்டில் இருப்பது அபூர்வம். ஒன்று என் அப்பாவைப் பார்க்கப் போவோம், இல்லையென்றால் கணவருடைய அம்மாவை. இரண்டும் இல்லாத நாளில் ஏதாவது ஒரு பூங்காவிலோ ஏரிக்கரையிலோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். எங்கே போனாலும் பாத்திரம் கூடவே வரும். நாம் வந்திருக்கிறோம் என்பதற்காக வயதானவர்களை அடுப்படியில் நிற்கவைப்பது எனக்கு ஒப்பாது. அதனால் சமைத்தே எடுத்துப் போகிறோம். ஆனால் காலையில் கொதிக்கக் கொதிக்க இறக்கியது பஸ் மாறி, நடந்து, வாசலில் நின்று பேசி, மதியம் திறக்கும்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உடனே அத்தை எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். எடுத்துப் போனதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

கடைகளில் சூடு தாங்கும் பாத்திரங்கள் இல்லாமல் இல்லை. வெற்றிடக் குடுவை, அதாவது தெர்மாஸ் பிளாஸ்க், 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி செய்து காட்டியது. சூட்டைக் காப்பதில் இன்றும் அதை மிஞ்சியது குறைவு. ஆனால் அது தேநீருக்கும் சூப்புக்கும்தான் சரி. நான்கைந்து பேர் சாப்பிடும் அளவுக்கு வாங்கினால் விலையும் எடையும் ஏறிவிடும். எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. சமைத்த பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எழும் ஆவியோடு சூட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. குளிர்ந்த பாத்திரத்தின் சுவர் இன்னொரு பங்கைக் குடித்துவிடுகிறது. எனவே அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரமே மூடியோடு அப்படியே, சூடு தாங்கும் ஒரு பெட்டிக்குள் பயணம் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அதே பாத்திரம் மேசைக்கு வர வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. வைக்கோல் திணித்த பெட்டிக்குள் கொதிக்கும் பாத்திரத்தை வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. 1867-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் நார்வேக்காரர் ஒருவர் இப்படியொரு பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எரிபொருளை மிச்சப்படுத்த பிரிட்டனில் வைக்கோல் பெட்டிச் சமையலைப் பரப்பினார்கள். அவற்றைப் பெரும்பாலும் அடுக்களையில் ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். நான் செய்யவேண்டியது பஸ் ஏறி இறங்கும் பெட்டி.

முதலில் அளவு. பாத்திரத்தின் விட்டம் 20 செ.மீ., காதுகளோடு சேர்த்து 25, உயரம் மூடியோடு 15. இந்த ஒரு பாத்திரத்துக்காகவே பெட்டி என்று முடிவு செய்தேன். 'எல்லாப் பாத்திரமும் போகும்' என்று செய்தால் சுற்றிலும் காலி இடம் அதிகமாகும். அந்த இடத்தில் காற்று சுழன்று சூட்டைக் கடத்தும். அசையாத காற்றின் வெப்பக்கடத்துதிறன் ஏறத்தாழ 0.025. தெர்மாகோலுக்கு 0.035 அளவில், மரத்துக்கு 0.1 முதல் 0.2 வரை, தண்ணீருக்கு 0.6 (அலகு, மீட்டர்-கெல்வினுக்கு வாட்). எண் சிறிதாக இருந்தால் சூடு மெதுவாக வெளியேறும். தெர்மாகோல், கம்பளி, வைக்கோல் எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன: காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து நகரவிடாமல் வைக்கின்றன. இதே பட்டியல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. கம்பளி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இடங்களில் சூடு இருபது மடங்கு எளிதாகத் தப்பிக்கும்.

வெளிப்பெட்டிக்கு 6 மி.மீ. பிளைவுட். நீளமும் அகலமும் 40 செ.மீ., உயரம் 37. உள் மூலைகள் நான்கிலும் 2 செ.மீ. சதுரச் சட்டம் வைத்து மரப்பசை தடவித் திருகினேன். மெல்லிய பலகையின் விளிம்பில் நேராகத் திருகு ஏற்றினால் பிளந்துவிடும். சட்டம் இருந்தால் திருகு பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கும். 12 மி.மீ. பலகை என்றால் சட்டமே தேவையில்லை, வேலையும் பாதிதான். ஆனால் எடை இரட்டிப்பாகிவிடும். 6 மி.மீ. பலகையில் பெட்டியின் மரம் மட்டும் 3 கிலோவைச் சற்றுத் தாண்டுகிறது. அதன்மேல் பாத்திரம், உணவு, தட்டுகள். தூக்கப்போவது நாங்கள் இருவர்தான். அதனால் மெல்லியதையே எடுத்தேன்.

உள்ளே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தெர்மாகோல். நீளமான புதிய கத்தியால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப லேசாக இழுத்து அறுத்தால் விளிம்பு சீராக வரும். அழுத்தி ஒரே மூச்சில் அறுத்தால் மணிமணியாக உதிர்ந்து, வீடு முழுக்க ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் போகாது. முதலில் அடித்தளம், பிறகு எதிரெதிரே இரண்டு பக்கங்கள், கடைசியாக அவற்றுக்கு நடுவே இறுக்கமாகச் செருகும்படி மற்ற இரண்டு. மூலைச் சட்டம் இருக்கும் இடத்தில் தெர்மாகோலைச் செதுக்கிக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டையும் அரை மில்லிமீட்டர் அதிகமாக வெட்டினால் அந்த இறுக்கமே எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும், பசை பெயருக்குத்தான். அந்தப் பசையும் தண்ணீரில் கரையும் வெள்ளை மரப்பசையாக இருக்க வேண்டும். செருப்புக்கு ஒட்டுவது போன்ற, நெடி வீசும் பசையில் உள்ள கரைப்பான் தெர்மாகோலை உருக்கிக் குழி விழச் செய்துவிடும்.

தெர்மாகோலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் தொடர்ந்து இருந்தால் அது இளகிச் சுருங்கத் தொடங்கும். கொதித்து இறங்கிய பாத்திரம் அதை நேரடியாகத் தொடக் கூடாது. எனவே பாத்திரத்துக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே கம்பளி. ஓரம் பூச்சி அரித்த பழைய போர்வை ஒன்று இருந்தது. அதைப் பட்டையாக வெட்டி மடித்து, பருத்தித் துணியில் உறை தைத்து, சுற்றிலும் நிற்கும் ஒரு வளையமாக்கினேன். கீழே 3 செ.மீ. தடிமனில் ஒரு திண்டு, அதன்மேல் பாத்திரம் உட்கார மெல்லிய மரத்தட்டு. மேலே வைக்கும் திண்டுதான் எல்லாவற்றிலும் தடிமன், 7 செ.மீ. ஆவியும் சூடான காற்றும் மேலேதான் போய்ச் சேர்கின்றன. சிக்கனம் காட்டக் கூடாத இடம் அதுதான். உறைகள் கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும். ஒருமுறை சூப் சிந்தினாலே காரணம் விளங்கிவிடும். பாத்திரத்தின் காதுகளைப் பெட்டியின் மூலைகளை நோக்கித் திருப்பி வைத்தால் கம்பளி வளையம் நசுங்காது.

தெர்மாகோலின் உள்முகம் முழுவதும் அலுமினியத் தாள் ஒட்டி, இணைப்புகளை அலுமினிய ஒட்டுநாடாவால் மூடினேன். பளபளப்பு சூட்டைத் திருப்பி அனுப்பும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் தாளுக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால் மட்டும். கம்பளி ஒட்டி நிற்கும் இந்தப் பெட்டியில் அதனால் கிடைக்கும் லாபம் சொற்பம். நான் ஒட்டியது ஈரத்துக்காக. ஆவி தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே புகாது, ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும்.

இந்தப் பெட்டியின் உயிர் மூடியில் இருக்கிறது. சுவரின் தடிமனைக் கூட்டுவதற்குப் படும் பாட்டில் பாதியை மூடிக்குப் பட்டால் போதும் என்று இப்போது யாரிடமும் அடித்துச் சொல்வேன். தட்டையான பலகையை மேலே வைத்து மூடினால் விளிம்பில் எங்காவது மயிரிழை இடைவெளி இருக்கும். சூடான காற்று அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். அதனால் மூடியின் அடியிலும் 5 செ.மீ. தெர்மாகோல் ஒட்டி, அது பெட்டியின் வாய்க்குள் இறங்கி அடைக்கும்படி செய்தேன். உள்வாய் 28.8 செ.மீ., அடைப்பு 28.4. விளிம்பைச் சுற்றிலும் கதவிடுக்கில் ஒட்டும் ரப்பர் நாடா. கீல் வைக்கவில்லை. ஆழமான அடைப்புள்ள மூடி கீலில் சுழன்று இறங்கினால் முன்விளிம்பு இடிக்கும். அதற்காகச் சரிவாகச் செதுக்கினால் இடுக்கு உண்டாகும். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு கொக்கித்தாழ்கள், இழுத்து மாட்டும் வகை. அவை மூடியை ரப்பர்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன.

காற்று கசிகிறதா என்று பார்க்க இரண்டு வழிகள். ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, தாழைப் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. இன்னொன்று, உள்ளே டார்ச் விளக்கை எரியவிட்டு மூடி, அறையை இருட்டாக்கிச் சுற்றிப் பார்ப்பது. கணவருக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. தரையில் படுத்துக்கொண்டு, “இங்கே ஒரு நட்சத்திரம் தெரிகிறது” என்று காட்டிக்கொடுத்தார். அந்த மூலையில் நாடாவை இரட்டையாக ஒட்டினேன்.

சோதனை வெறும் தண்ணீரோடு. முதலில் வெப்பமானியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்: நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் கலந்த கிண்ணத்தில் வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்ட வேண்டும் என்பது கடல் மட்டத்தில்தான்; ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். ஆகவே பனிக்கட்டிச் சோதனையே நம்பகமானது. மூடியின் நடுவே சிறு துளையிட்டு, ரப்பர் வளையம் பொருத்தி, வெப்பமானியின் கம்பியை அதன் வழியாக இறக்கினேன். திறக்காமலே உள்சூட்டைப் படிக்க முடிகிறது.

மூன்று லிட்டர் தண்ணீர், 98 டிகிரியில் உள்ளே போனது. துண்டில் சுற்றிப் பையில் வைக்கும் எங்கள் பழைய முறையில் மூன்று மணி நேரம் கழித்து 52. பெட்டியில், ரப்பர் நாடாவும் அடைப்பும் இல்லாமல் தட்டை மூடி மட்டும் வைத்தபோது 72. அடைப்பும் நாடாவும் சேர்ந்த பிறகு 81, ஐந்து மணி நேரம் கழித்தும் 74. சுவர்களில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாமல் கிடைத்த 9 டிகிரி அது. ஆனால் அதே பெட்டியில் ஒன்றரை லிட்டர் மட்டும் வைத்தால் ஐந்து மணி நேரத்தில் 60-க்கு வந்துவிடுகிறது. பெட்டி வெளியே விடும் சூடு ஏறத்தாழ அதேதான். கொடுக்கக் கையில் இருக்கும் இருப்புதான் பாதி. கொஞ்சமாகச் சமைக்கும் நாளில் பாத்திரத்தின் பக்கத்திலேயே கொதிநீர் நிரப்பிய உலோகப் புட்டியையும் செருகிவிடுகிறேன்.

ஏன் 60 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்றால், சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரிக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லப்படும் விதி. இந்த இடைவெளியில்தான் கிருமிகள் செழிக்கின்றன. சோற்றில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'அங்கே போய்ச் சூடாக்கிக்கொள்ளலாம்' என்ற எங்கள் பழைய சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்று அதைப் படித்த பிறகுதான் உறைத்தது. இப்போது விதி எளிது. மூடியின் எண் 60-க்கு மேல் இருந்தால் அப்படியே பரிமாறலாம். கீழே போயிருந்தால், எப்போது போனது என்று தெரிந்தால் மட்டுமே அடுத்த பேச்சு. முதியவர்கள் சாப்பிடும் உணவில் நான் தாராளம் காட்டுவதில்லை.

மூடியில் எண் தெரிவதால் கிடைத்த இன்னொரு லாபம், கணவரின் கை அடங்கியது. வழியில் நின்று திறந்து உப்புப் பார்ப்பது அவருடைய பழக்கம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2.26 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வெறும் 50 கிராம் ஆவி போனாலே மூன்று லிட்டரின் வெப்பநிலை 9 டிகிரி இறங்கிவிடும். ரப்பர் நாடா சம்பாதித்ததெல்லாம் ஒரே கரண்டியில் போய்விடும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது உப்பை வீட்டிலேயே பார்த்துவிடுகிறார்.

தூக்குவதற்கு முதலில் பக்கங்களில் கைப்பிடி திருகலாம் என்றிருந்தேன். ஆனால் 6 மி.மீ. பலகை பாரத்தைத் தாங்காது. தடித்த பருத்திப் பட்டை இரண்டைப் பெட்டியின் அடியில் ஓடவிட்டு, பக்கவாட்டில் மேலே கொண்டுவந்து பிடியாக்கினேன். பாரம் அடியில் விழுகிறது, திருகுகள் பட்டை நழுவாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. கணவர் என்னைவிட ஒரு தலை உயரம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் பெட்டி என் பக்கம் சாய்ந்து, சூப் மூடியின் ஓரத்தை எட்டிப்பார்க்கும். ஆகவே இரு பக்கமும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையக் கொக்கி வைத்தேன். உயரமானவரின் பட்டை நீளமாக, என்னுடையது குட்டையாக. படி ஏறும்போது முன்னால் போகிறவரின் பட்டையை இன்னும் நீட்ட வேண்டும், இறங்கும்போது குறைக்க வேண்டும். ஒரே பெட்டியை இருவர் தூக்கினால் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே நான் பின்தங்குவதும், அவர் முன்னே போய்த் திரும்பிப் பார்ப்பதும் நின்றுபோயின. அதற்காக இதைச் செய்யவில்லை, ஆனாலும் வரவு வைத்துக்கொண்டேன்.

சமையலில் சில மாற்றங்கள் வந்தன. 80 டிகிரியில் உட்கார்ந்திருக்கும் உணவு வெந்துகொண்டேதான் இருக்கும். காய்கறியை முக்கால் பதத்தில் இறக்கினால் போய்ச் சேரும்போது சரியாக இருக்கிறது. முழுதாக வேகவைத்தால் குழைந்துவிடுகிறது. கீரையைப் போட்டால் நிறமே மாறிவிடுகிறது, அதைத் தனியாக எடுத்துப் போவதே நல்லது. சோற்றுக்குத் தண்ணீரைச் சற்றுக் குறைக்க வேண்டும், ஏனென்றால் ஆவி வெளியே போவதில்லை. சிவப்பு ராஜ்மா வகைப் பயறுகளில் மட்டும் கவனம் வேண்டும். அவற்றில் உள்ள லெக்டின் நஞ்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரிக்குக் கீழ் மெதுவாக வேகவிட்டால் கூடிவிடவும் செய்யும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் அடுப்பிலேயே அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகுதான் அது பெட்டிக்குள் போகலாம். பெட்டி சூட்டைக் காக்கும், உண்டாக்காது.

கோடையில் ஏரிக்கரைக்குப் போகும்போது அதே பெட்டி குளிர்பெட்டி. சுவருக்கு எந்தப் பக்கம் சூடு என்பதில் அக்கறை இல்லை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்குக் குடிக்கும் வெப்பம், அதே அளவு தண்ணீரை 0-விலிருந்து ஏறத்தாழ 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதுமானது. இம்முறை கம்பளிகளை எடுத்துவிட்டு, பழம், தயிர், தண்ணீர்ப் புட்டிகளை அடியில் வைத்து, பனிக்கட்டிப் பையை மேலே வைக்கிறோம்; குளிர்ந்த காற்று கீழே இறங்கும். வீடு திரும்பியதும் மூடியைத் திறந்தே வைத்து நன்றாக உலரவிட வேண்டும். அடைத்து வைத்தால் புழுக்க நாற்றம் வந்துவிடும், கம்பளியில் பூஞ்சை ஏறும்.

அப்பாவுக்குப் பெட்டியைவிட மூடியில் இருக்கும் எண்தான் பிடித்திருக்கிறது. நாங்கள் உள்ளே நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் அதைப் படித்துச் சொல்லிவிடுவார். அத்தை வேறு மாதிரி. அவருக்கு எடுத்துப் போக எதுவும் வேண்டாம். காலையில் ஒரு கொதி வந்ததும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, அக்கம்பக்கம் போய்வர வேண்டும். தன் பெரிய பாத்திரத்தின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினார். 82 செ.மீ., அதாவது விட்டம் 26. அந்தப் பெட்டி எந்தப் பஸ்ஸும் ஏறப்போவதில்லை என்பதால் பட்டையும் வேண்டாம், எடையைப் பற்றிய கவலையும் வேண்டாம். பிளைவுட் 12 மி.மீ., தெர்மாகோல் 7.5 செ.மீ., மேல் திண்டு 10 என்று பட்டியல் எழுதிவிட்டேன். கம்பளிக்குத்தான் இன்னொரு பழைய போர்வை தேட வேண்டும்.